புதுப்பிப்பு: பாம்பன் ஓடாவியான (படகு கட்டும் தச்சரான) அப்பாவின் கேசட்டில் குரல் மீண்டது

மறைந்த அப்பாவின் கேசட்டில் ஒலி மங்கி, விட்டுவிட்டுக் கேட்பதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தேன்; பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. பிளேயரில் டேப்பின் ஒலியைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்ததில் பயனில்லை. டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறு திண்டு விழுந்திருக்கலாம் என்று ஒருவர் சொன்னதே சரியாக இருந்தது. திருகாணி வைத்த வேறொரு கேசட் கூட்டுக்குள் இரண்டு சுருள்களையும் மாற்றியதும் குரல் தெளிந்தது.

முதல் பக்கத்தில், எதிர்பார்த்தபடியே, அவருடைய ஆர்மோனியமும் நாடகப் பாட்டும், இடையிடையே அவர் வளர்த்த புறாக்களின் குனுகலும் இருந்தன. நான் எதிர்பாராதது மறுபக்கம்: வத்தை என்னும் மரப்படகில் நீர் கசியாதிருக்கப் பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை எவ்வளவு இறுக்கிச் செலுத்த வேண்டும், குங்கிலியத்தை எண்ணெயில் எந்தப் பதத்துக்குக் காய்ச்ச வேண்டும் என்று, உளி தட்டும் ஓசைக்கிடையே, கற்றுக்கொள்ள வந்த ஒரு பையனுக்கு அவர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதே வேலையைச் செய்யப்போகிறவர்கள், கூட்டைத் திறந்தவுடன் டேப் ஓடும் வழியை முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.