‘ஓப்பன் எண்டெட் வாசெக்டமி’: எந்த முனை திறந்தது என்று சொல் காட்ட வேண்டும்

ஐயா, வணக்கம்.

வாசெக்டமி என்பது ஆண்களுக்குக் கருத்தடைக்காக விந்துக் குழாயை வெட்டுவது. அதில் ஒரு வகையான ‘ஓப்பன் எண்டெட் வாசெக்டமி’க்குத் தமிழாக நீங்கள் முன்வைத்த ‘திறந்த விந்துநாள அறுவை’யை இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். எனக்கு இரண்டு இடத்தில் இடிக்கிறது.

முதலாவது ‘நாளம்’. இங்கே திருகோணமலையில் பிள்ளைகள் நாடி, நாளம் என்றுதான் இரத்தக் குழாய்களைப் படிக்கிறார்கள். ‘நாளத்தை வெட்டுவது’ என்றால் இரத்த ஓட்டத்தை நிறுத்துவது என்று எடுத்துவிடுவார்கள். இது சின்னக் குழப்பம் இல்லை. 1823இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் ஒரு நாய்க்கு ஒரு பக்கம் விந்துக் குழாயையும் மறுபக்கம் நாடியையும் நாளத்தையும் வெட்டினார். இரத்தக் குழாய் வெட்டிய பக்கத்து விதை அழுகிப் போயிற்று. விந்துக் குழாய் வெட்டிய பக்கத்து விதையோ, நாயை ஆறு வருடம் வைத்திருந்து பார்த்தபோதும் விந்தணுவை உண்டாக்கிக்கொண்டே இருந்தது. அந்த இரண்டு பக்கத்துக்கும் ஒரே சொல்லை எப்படிக் கொடுப்பது? ‘விந்துக்குழாய்’ என்றே வைப்போம்.

இரண்டாவது ‘திறந்த’. திறந்த அறுவை என்றால் உடலைக் கிழித்துச் செய்வது என்ற பொருள் ஏற்கெனவே உண்டு. இங்கே திறந்திருப்பது குழாயின் விதைப்பக்க முனை மட்டும். மறுமுனையை அடைத்துத்தான் விடுவார்கள். இரண்டு முனையையும் அடைத்தால், உண்டாகும் விந்தணு போக வழியில்லாமல் விதையை ஒட்டிய சுருள்குழாய் வீங்கி அமுக்கம் ஏறும். சில வேளை அது கிழிந்தும் விடும். விதைப்பக்கத்தைத் திறந்து விட்டால் விந்தணு வெட்டிய இடத்தில் கசிந்து, அங்கே ஒரு சிறு கட்டி உண்டாகும். பார்த்தால் பழுது போல இருக்கும், ஆனால் அமுக்கத்தைத் தணிப்பது அதுதான். விந்தணு உற்பத்தி எவ்வளவு பாதிக்கும் என்பதில் இந்த அமுக்கத்துக்குப் பங்கு உண்டு. அமுக்கம் மட்டுமே காரணம் என்றும் எழுதிவிடக் கூடாது. முயல்களில் சிலவற்றுக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியே விதையைத் தாக்குகிறது.

தம்பலகாமத்தில் மாடு வளர்க்கும் அண்ணர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, “அதுவும் நலமடிக்கிற மாதிரித்தானே, தம்பி?” என்று, காயடிப்பதை நினைத்துக் கேட்டார். இல்லை, நலமடித்தால் காளைக்கு ஆண் குணமும் போய்விடும்; இதில் குணம் அப்படியே இருக்கும், கன்று மட்டும் தங்காது என்றேன். “அப்ப குழாயைத் தறிக்கிறது எண்டு சொல்லுங்கோ” என்றார். எனக்கு அந்தச் சொல் அப்படியே பிடித்துவிட்டது.

ஆகவே என் முன்மொழிவு: வாசெக்டமிக்கு விந்துக்குழாய்த் தறிப்பு. அதில் ஒரு வகை ‘விதைமுனை திறந்த தறிப்பு’, மற்றது ‘இருமுனை அடைத்த தறிப்பு’. ‘கட்டிய’ என்று போடவில்லை, ஏனென்றால் நூலால் கட்டுவது மட்டுமல்ல, சுட்டும் கிளிப் போட்டும் அடைக்கிறார்கள்.

எங்களுக்குத் தறிப்பது என்றால் மரத்தை வெட்டுவது. தமிழ்நாட்டு நண்பர்களுக்கு நெசவுத் தறிதான் முதலில் நினைவுக்கு வருமா? சொல்லுங்கள்.