‘இடம் மாறிய தைராய்டு’ வேண்டாம். ‘இடந்தப்பிய தைராய்டு’ ஆகுமா?

மதிப்பிற்குரிய குழும நண்பர்களுக்கு வணக்கம்.

தைராய்டுச் சுரப்பி கழுத்தில் தனக்குரிய இடத்தில் இல்லாமல் வேறிடத்தில் அமைந்திருப்பதை ‘எக்டோபிக் தைராய்டு’ என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடி நம் குழுமத்தில் நண்பர்கள் முன்வைத்த சொற்களில் ‘இடம் மாறிய தைராய்டு’ எளிமையானது, ‘துணைத் தைராய்டு’ சுருக்கமானது. ஆயினும் மும்பையில் ஒரு மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவில் படமெடுக்கும் பணியில் இருக்கும் எனக்கு இரண்டுமே உறுத்துகின்றன.

அண்மையில் தாராவியிலிருந்து ஓர் அம்மா தம் பன்னிரண்டு வயது மகளை அழைத்து வந்திருந்தார். சிறுமிக்கு மோவாய்க்குக் கீழே, கழுத்தின் நடுவில், நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. தைராய்டுத் திசு ஈர்த்துக்கொள்ளும் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை ஊசியில் போட்டு 20 நிமிடம் கழித்து எடுத்த படத்தில், மேல் கழுத்திலுள்ள நாவடி எலும்பை ஒட்டி அத்திசு ஒரே ஒரு கரும்புள்ளியாகத் தெரிந்தது. மூச்சுக்குழாயின் முன்னே சுரப்பி இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. ‘இடம் மாறிய தைராய்டு’ என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு அவர், “கீழ இருந்தது எப்ப தம்பி மேல ஏறுச்சு?” என்று கேட்டார். அவருடைய கேள்வியில் பிழையில்லை, நான் எழுதிய சொல்லில்தான் பிழை.

அது ஏறவே இல்லை. கருவில் தைராய்டு நாக்கின் வேர்ப்பகுதியில் தோன்றி, கழுத்தின் நடுக்கோட்டில் இறங்கி, ஏறத்தாழ 7ஆம் வாரத்தில் தன் இடத்தை அடைகிறது. இந்த இறக்கம் பாதியில் நின்றாலும், பக்கவாட்டில் விலகினாலும், எல்லை கடந்து மார்புக்குள் போனாலும் பெயர் ஒன்றுதான். ‘இடஞ்சேராத் தைராய்டு’ என்றும் எண்ணிப் பார்த்தேன். அது பாதியில் நின்றதை மட்டும் நினைவூட்டுகிறது. வழி தப்பியது, குறி தப்பியது என்று நாம் வழங்குவதையொட்டி ‘இடந்தப்பிய’ என்றால் மூன்றும் அடங்கும். ‘தப்பிய’ என்பது பிழைத்ததையும் குறிக்குமே என்பீர்கள். ‘இடம்’ முன்னே நிற்கையில் அந்த மயக்கம் எழாது என்று கருதுகிறேன்.

‘துணை’ என்பதை நான் இன்னும் கடுமையாக மறுக்கிறேன். துணை என்றால் முதன்மையானது வேறெங்கோ இருக்கிறது என்று பொருளாகிவிடும். நாக்கின் வேரில் தைராய்டு தங்கிவிட்டவர்களில் சுமார் 70 விழுக்காட்டினருக்கு வேறு தைராய்டுத் திசுவே இல்லை. கழுத்து நடுவிலுள்ள இத்தகைய கட்டி, தைராய்டு இறங்கிய பாதையில் உண்டாகும் நீர்க்கட்டியைப் போலவே தோன்றும். முதலில் அல்ட்ராசவுண்டு எடுத்து, உரிய இடத்தில் சுரப்பி உள்ளதா என்று பார்க்காமல் வெட்டினால், இருந்த ஒன்றும் போய்விடும். பெரும்பாலும் கட்டி பெருப்பதற்குக் காரணம், சுரப்பு போதாமல், தைராய்டைத் தூண்டும் இயக்குநீரான டி.எஸ்.எச். இரத்தத்தில் உயர்ந்து திசுவை ஓயாமல் தூண்டுவதுதான். தைராய்டுச் சுரப்புக்கு ஈடாகத் தரும் லெவோதைராக்சின் மாத்திரையால் அந்தத் தூண்டல் தணிந்து கட்டி சுருங்குவதுண்டு. மூச்சோ விழுங்குதலோ தடைபட்டால், இரத்தம் கசிந்தால், புற்றுநோய் ஐயம் எழுந்தால் அறுவை. அறுவைக்கு உடல் இடந்தராத பெரியவர்களுக்கு, அத்திசுவை அழிக்கக் கதிரியக்க அயோடின்.

‘இடம் மாறிய’ என்ற தொடரை அடியோடு கைவிடவும் நான் சொல்லவில்லை. பக்கக் கழுத்தின் நிணநீர்க் கணுக்களில் காணப்பட்ட தைராய்டுத் திசுவை முற்காலத்தில் பிறவிப் பிறழ்வு என்றே எண்ணினார்கள். அவற்றில் பெரும்பாலானவை தைராய்டுப் புற்றுநோய் பரவியதன் விளைவு என்பது பின்னர் தெளிவாயிற்று. உண்மையில் இடம் பெயர்ந்து வந்தது அதுதான். அதற்கும் இந்தச் சிறுமியின் கட்டிக்கும் ஒரே சொல்லை வழங்கலாகாது.

இன்னொன்று: நாக்கின் வேரிலேயே தங்கிவிட்ட தைராய்டைக் குறிக்கும் ‘லிங்குவல் தைராய்டு’ என்பதை நண்பர் ஒருவர் ‘நாவடித் தைராய்டு’ என்று எழுதியிருந்தார். கழுத்திலுள்ள எலும்பொன்றை ஏற்கெனவே ‘நாவடி எலும்பு’ என்று வழங்குவதால், வாசிப்பவர் அந்த எலும்பருகே தேடுவார். ‘நாவேர்த் தைராய்டு’ என்பது என் பரிந்துரை. ‘நாவேர்’ செயற்கையாக ஒலிக்கிறதென்றால், உச்சரிக்க இதைவிட எளிதான சொல்லைத் தாருங்கள். தமிழில் எழுதிக் கொடுக்கும் குறிப்பில் அதையே இட்டுக்கொள்கிறேன்.