மறு: கல்ச்சர் அறிக்கையில் 'உணர்திறன்', 'எதிர்ப்பு' வேண்டாமே

அன்புள்ள நண்பர்களே,

சிறுநீர்க் கல்ச்சர் என்பது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்து அதை அடக்கும் என்று பார்க்கும் சோதனை. அதன் அறிக்கையோடு நோயாளிக்குக் கொடுக்கும் விளக்கத்தாளுக்காக, அறிக்கையில் மருந்துக்கு எதிரே வரும் எஸ், ஆர் என்ற எழுத்துகளுக்கு இங்கே முன்மொழியப்பட்ட 'உணர்திறன்', 'எதிர்ப்பு' இரண்டும் அகராதிக்குச் சரி. இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவர் அதை வாசித்தால்தான் சிக்கல் தெரியும். 'எதிர்ப்பு உண்டு' என்றதும் அவருக்கு நோய் எதிர்ப்புச் சக்திதான் நினைவு வரும். நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்வார். 'அமொக்சிசிலினுக்கு உணர்திறன்' என்றால் அந்த மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று பயப்படுவார். இரண்டுமே தலைகீழ்.

இவை கிருமியின் குணங்கள். ஆகவே கிருமியை எழுவாயாக வைக்கும் வினைச்சொல்லே நல்லது. 'காய்ச்சல் மருந்துக்குக் கட்டுப்படல' என்று தோட்டக் குடியிருப்பான லயத்தில் எல்லோரும் சொல்கிறோமே, அதுவே போதும். எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படும், ஆர் என்றால் கட்டுப்படாது. பெயர்ச்சொல்லாக்கும்போது மட்டும் கவனம்: 'மருந்துக் கட்டுப்பாடு' என்றால் அரசாங்கச் சட்டம் போலாகிவிடும். 'கட்டுப்படல் சோதனை' என்று வைக்கலாம். (லேபுக்குள் இந்தச் சோதனைக்கு ஏபிஎஸ்டி என்ற ஆங்கிலச் சுருக்கம்தான். அதை யாரும் மாற்றப்போவதில்லை.)

மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்துக்குத் 'தடைவலயம்' நல்ல சொல். ஆனால் 'வலயம் பெரிதானால் மருந்து சிறந்தது' என்ற விளக்கத்தை எடுத்துவிடுங்கள். கிருமியை வளர்க்கும் முல்லர்-ஹின்டன் ஏகார் கூழில் ஒவ்வொரு மருந்தும் பரவும் விதம் வேறு, கடதாசி வில்லையில் உள்ள மருந்தின் அளவும் வேறு. சிறுநீரில் வளர்ந்த ஈ.கோலை என்ற கிருமிக்கு, அமெரிக்க சிஎல்எஸ்ஐ நிறுவனத்தின் அட்டவணைப்படி, நைட்ரோபியூரண்டொயின் வலயம் 17 மி.மீ. இருந்தாலே கட்டுப்படும், சிப்ரோபுளொக்சசினுக்கு 21 மி.மீ. வந்தாலும் கட்டுப்படாது. நோயாளியின் தாளில் மி.மீ. கணக்கே வேண்டாம் என்பது என் கட்சி.

மிச்சம், எஸ், ஆர் இரண்டுக்கும் நடுவே அறிக்கையில் வரும் 'ஐ' என்ற எழுத்து. 'இடைநிலை' என்று எல்லா இடத்திலும் போட முடியாது. 2019 முதல் ஐரோப்பிய யூகாஸ்ட் அமைப்பின் முறையில் அந்த எழுத்துக்கு, மருந்து கிருமியைக் கூடுதலாகச் சென்றடைந்தால் கட்டுப்படும் என்று பொருள். சிஎல்எஸ்ஐயில் இடைநிலைதான். எனவே லேப் எந்த முறையில் வாசிக்கிறது என்று பார்த்துத்தான் தாளை அச்சிட வேண்டும். யூகாஸ்ட் என்றால் 'கூட்டினால் கட்டுப்படும்' என்று எழுதத் தோன்றும். அதை வாசித்துவிட்டு வீட்டில் ஒரு குளிசைக்கு இரண்டாகப் போடுகிறவர்கள் இருப்பார்கள். 'டொக்டர் அளவைக் கூட்டினால் கட்டுப்படும்' என்பதே என் முன்மொழிவு. நீளம்தான். சுருக்கத் தெரிந்தவர்கள் சுருக்குங்கள், டொக்டரை மட்டும் வெட்டாமல்.