சேமித்த நேரங்களைக் கழித்தால் 36 மணி நேரம் 17½ மணி நேரமாக வருவது ஏன்?

கேள்வி (ஏற்காடு)

வணக்கம். ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்டத்துப் பல்ப்பிங் (பழத்தோல் உரிக்கும்) கொட்டகையில் ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினி ஒன்றை வைத்திருக்கிறோம். அராபிகா பழத்தைத் தோலுரித்துத் தொட்டியில் விட்ட நேரத்தையும், புளித்த கொட்டையைக் கழுவத் தொடங்கிய நேரத்தையும் ஒரு பைத்தான் நிரல் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் பதிந்துவருகிறது. அராபிகாவை 24 முதல் 36 மணி நேரம் வரை புளிக்கவிடுவது வழக்கம். மார்கழிக் குளிரில் அது மேல் எல்லையைத் தொட்டுவிடும். கொட்டையைக் கையில் அள்ளித் தேய்த்தால் வழவழப்பு நீங்கி நறநறவென்று உரச வேண்டும் என்பதே கழுவுவதற்கு ஆட்கள் பார்க்கும் பக்குவம். அந்தப் பக்குவம் எத்தனை மணி நேரத்தில் வருகிறது என்று தெரிந்துகொள்ளவே இந்தப் பதிவு.

2023 டிசம்பர் 14 மாலை 6 மணிக்குத் தொட்டியில் விட்டதை 16 காலை 6 மணிக்குக் கழுவினோம். அறிக்கையோ 17 மணி 30 நிமிடம் என்கிறது. தரவுத்தளத்தில் தொடக்கம் ‘2023-12-14 12:30:00’ என்றும் முடிவு ‘2023-12-16 06:00:00’ என்றும் உள்ளன. தொடக்கத்தை அட்டவணையின் இயல்பு மதிப்பான கரன்ட்_டைம்ஸ்டாம்ப் நிரப்புகிறது. முடிவை நிரல் டேட்டைம்.நவ் கொண்டு எழுதுகிறது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, விடையின் ‘செகண்ட்ஸ்’ மதிப்பை 3600-ஆல் வகுக்கிறோம்.

இன்னொன்று: பல்ப்பர் (தோலுரிக்கும் இயந்திரம்) ஓடிய நேரக் கணக்கில், தொடக்கம், முடிவு இரண்டையுமே நிரல்தான் எழுதுகிறது. மாலை 5 மணிக்குத் தொடங்கி, நடுவில் மின்சாரம் போய் வந்து, 6.10-க்கு நிறுத்திய ஒரு நாளில் 23 மணி 27 நிமிடம் என்று பதிவாகியிருக்கிறது. இரண்டும் ஒரே பிழையா?

பதில் 1 (சேலம், அஸ்தம்பட்டி)

வணக்கம் ஐயா. தொட்டிக் கணக்கில் இரண்டு பிழைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியிருக்கின்றன. தனித்தனியாகப் பிரித்தால் உங்கள் எண் அப்படியே கிடைத்துவிடும்.

முதலாவது, எஸ்கியூலைட்டின் கரன்ட்_டைம்ஸ்டாம்ப் எப்போதும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தையே தரும், டேட்டைம்.நவ் கணினியில் அமைத்துள்ள உள்ளூர் நேரத்தைத் தரும். நம் நேரம் யூடிசியை விட 5 மணி 30 நிமிடம் முந்தியது என்பதால்தான் மாலை 6 மணி 12:30 என்று பதிவாகியிருக்கிறது. எனவே கழிக்கும்போது 36 மணி நேரம் 41½ மணி நேரமாகிறது. இரண்டாவது, பைத்தானின் டைம்டெல்டா கால இடைவெளியை நாள், விநாடி, மைக்ரோவிநாடி என்று பிரித்தே வைத்திருக்கும். ‘செகண்ட்ஸ்’ என்பது முழு நாள்களை எடுத்தபின் எஞ்சும் விநாடிகள் மட்டுமே. அது ஒரு நாளின் விநாடிகளான 86,400-ஐ ஒருபோதும் எட்டாது. 41½-இல் ஒரு நாள் கழிந்தால் 17½. மொத்த இடைவெளி வேண்டுமென்றால் டோட்டல்_செகண்ட்ஸ் என்ற செயற்கூற்றைத்தான் அழைக்க வேண்டும்.

பல்ப்பர் கணக்கும் இதே இடத்தில்தான் மறைந்திருக்கிறது. 23 மணி 27 நிமிடம் என்பது உண்மையில் கழித்தல் 33 நிமிடம். எதிர்மறை இடைவெளியை டைம்டெல்டா ‘கழித்தல் ஒரு நாள், கூட்டல் 23 மணி 27 நிமிடம்’ என்று வைத்திருக்கும். நாளை விட்டுவிட்டு விநாடியை மட்டும் படித்தால் குறி காணாமல் போய்விடும். இதை நான் மிகக் கடுமையான பிழையாகக் கருதுகிறேன். கழித்தல் குறி கண்ணில் பட்டால் யாரும் நின்று கவனிப்பார்கள். இப்படி வரும் எண் நம்பும்படியாக இருப்பதால் அறிக்கைக்குள் நுழைந்துவிடுகிறது.

இனி எழுதும் ஒவ்வொரு நேரத்தையும் யூடிசியிலேயே, ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தேதி-நேர வடிவில், கடைசியில் +00:00 என்ற நேர மண்டலக் குறியோடு எழுதுங்கள். எஸ்கியூலைட்டில் தேதிக்கென்று தனி வகை இல்லை. நீங்கள் எழுதும் எழுத்துத்தொடர்தான் எல்லாமே. மண்டலக் குறியோடு படித்த நேரத்தையும் குறியில்லாத நேரத்தையும் கழிக்க முயன்றால் பைத்தான் உடனே பிழை காட்டி நிறுத்திவிடும் என்பது கூடுதல் காவல். உள்ளூர் நேரமாக மாற்றுவதைத் திரையில் காட்டும் கட்டத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2 (ஓமலூர்)

மேலே சொன்னது சரி. ஆனால் 33 நிமிடம் பின்னோக்கிப் போனதற்குக் காரணம் நிரலில் இல்லை. ராஸ்பெர்ரி பை 4-இல் மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் கிடையாது. மின்சாரம் திரும்பியதும் அது கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்தே தொடங்கும். இணையம் கிடைத்த பிறகுதான் சரியான நேரத்துக்குத் தாவும். மலையில் மின்தடையோடு இணையமும் போய்விட்டால் அந்தத் தவறான நேரம் வெகுநேரம் நீடிக்கும்.

டிஎஸ்3231 சிப் உள்ள சிறிய கடிகாரப் பலகை ஒன்றைப் பொத்தான் பேட்டரியோடு பொருத்திவிடுங்கள். 0 முதல் 40 டிகிரி வரையிலான வெப்பநிலையில் அதன் விலகல் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம்தான்.

பல்ப்பர் ஓட்டத்தைப் போன்ற குறுகிய இடைவெளிகளுக்குப் பைத்தானின் டைம்.மோனோடோனிக் என்ற நேர எண்ணியைப் பயன்படுத்தலாம். யார் கடிகாரத்தைத் திருத்தினாலும் அது பின்னோக்கிப் போகாது. ஆனால் கணினி மறுபடி தொடங்கினால் அதன் எண்ணிக்கையும் புதிதாகத் தொடங்கும். ஆகவே 36 மணி நேரத் தொட்டிக்கு அதை மட்டும் நம்ப இயலாது. அந்த எண்ணைத் தரவுத்தளத்தில் எழுதுவதானால், கணினியின் ஒவ்வொரு தொடக்கத்துக்கும் அதன் இயங்குதளமான லினக்ஸ் தரும் பூட் அடையாள எண்ணையும் பக்கத்தில் எழுதி, இரண்டு பதிவுகளிலும் அது ஒன்றாக இருந்தால் மட்டும் கழிக்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. டோட்டல்_செகண்ட்ஸ் போட்டதும் 41½ மணி நேரம் என்று வந்தது. தொடக்கத்தோடு 5½ மணி நேரத்தைக் கூட்டியதும் 36 ஆகிவிட்டது. முந்தைய பருவங்களின் பதிவுகள் எக்செல் தாளிலிருந்து எடுத்த சிஎஸ்வி கோப்பில் ‘03/12/2021’ என்ற வடிவில் உள்ளன. சிலவற்றில் நாள் முன்னும் சிலவற்றில் மாதம் முன்னும் இருப்பதாகத் தெரிகிறது. அவற்றையும் சேர்க்கலாமா?

பதில் 3 (சேலம், அஸ்தம்பட்டி)

சேர்க்கலாம், ஆனால் வடிவத்தை ஊகித்துக்கொள்ளும் பொறுப்பை நூலகத்திடம் விட்டுவிடாதீர்கள். அட்டவணைத் தரவுகளைக் கையாளும் பைத்தான் நூலகமான பாண்டாஸின் 2.0-க்கு முந்தைய பதிப்புகள் ஒவ்வொரு வரியையும் தனித்தனியே ஊகித்ததால், ஒரே பத்தியில் ‘13/12’ டிசம்பர் 13 ஆகவும் ‘03/12’ மார்ச் 12 ஆகவும் அமைதியாக மாறிவிடும்.

எண்களில் ஒன்று 12-ஐத் தாண்டினால் குழப்பமில்லை. உங்கள் பழம் பறிப்பு நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் மார்ச் 12 என்ற வாசிப்பும் விழுந்துவிடும். ஆனால் ‘01/12’ என்பது டிசம்பர் 1, ஜனவரி 12 இரண்டுமாகவும் இருக்கலாம். இரண்டுமே பருவத்துக்குள் வருகின்றன. அங்கே தொட்டி வரிசை எண்ணைப் பாருங்கள்: முந்தைய வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் எந்தத் தேதி பொருந்துகிறதோ அதுவே சரி. எதுவும் பொருந்தாத வரியில் தேதியை வெறுமையாக விட்டுவிடுங்கள். மூல எழுத்துத்தொடரை அழிக்காமல் தனிப் பத்தியில் வைத்திருங்கள். 5½ மணி நேரத் திருத்தம் செய்யும் வரிகளிலும் ‘திருத்தப்பட்டது’ என்ற குறி ஒன்றைச் சேர்த்தால், அதே நிரல் தவறுதலாக மறுமுறை ஓடினாலும் நேரம் இரண்டு முறை மாறாது.