மறு: மறு: 'ட்ரை' வைனுக்குத் தமிழ்ச்சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

அனைவருக்கும் வணக்கம்.
இத்தாலியில் உணவகங்களில் பரிமாறும் வேலைக்குப் போகும் நம்மவர்களுக்கான பயிற்சிக் கையேட்டை மொழிபெயர்க்கிறேன். புரோசெக்கோ (இத்தாலியின் நுரைக்கும் வைன்) பற்றிய பக்கத்தில் வேலை நிற்கிறது. இனிப்புக் குறைந்த வைனை 'ட்ரை' என்கிறார்கள். பழைய வரைவில் 'உலர் வைன்' என்று இருக்கிறது. திராட்சை உலரும், வைன் எப்படி உலரும்? அதைவிடப் பெரிய சிக்கல், புரோசெக்கோ போத்தலில் 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்று இருந்தால் அது 'புருட்' என்ற வகையைவிட இனிப்பு! லிட்டருக்குப் புருட்டில் 12 கிராமுக்குள் சர்க்கரை, எக்ஸ்ட்ரா ட்ரையில் 12 முதல் 17, வெறும் ட்ரையில் 17 முதல் 32. 'மிகு உலர்' என்று எழுதினால், இனிப்பே வேண்டாம் என்பவருக்கு நம் பிள்ளை அதைத்தான் கொண்டுபோய் வைப்பான்.

---

> வைன் எப்படி உலரும்?

தம்பி, வேரிலிருந்து வருவோம். 'வைன்' எதற்கு? 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்கிறது புறநானூறு 56. மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன. அந்தச் சரக்குக்கு நாம் அன்றே வைத்த பெயர் தேறல். தேறுதல் என்றால் தெளிதல், கசடு கீழே தங்கத் தெளிந்து நிற்பது. நுரைக்கும் வைனை இத்தாலியர் சொல்லும் 'ஸ்புமாந்தே'யின் வேர் நுரை, ஆக நுரைத்தேறல். இனிப்பின்மைக்கும் புறம் 392 இருக்கிறது, 'தேட்கடுப்பு அன்ன நாட்படு தேறல்', அதாவது தேள் கொட்டியதுபோல் கடுக்கும் நாள்பட்ட தேறல். நாள்பட நாள்பட இனிப்புப் போய்க் கடுப்பு ஏறும். எனவே கடுந்தேறல். பத்து பேர் பயன்படுத்தினால் தானே பழகிவிடும்.

---

ஐயா, நுரைத்தேறல் அழகான சொல். ஆனால் 'கொல் ஃபோந்தோ' என்று பழைய முறைப் புரோசெக்கோ இருக்கிறது, போத்தலுக்குள்ளேயே மறுபடி நொதித்து, கசடை வடிக்காமல் விட்டது. ஊற்றினால் கலங்கலாக வரும். அதையும் தேறல் என்பதா? கடுப்பும் பொருந்தாது, சுமார் 11 விழுக்காடு அல்கஹோல்தான்.

நான் இங்கே பாரில் ஊற்றிக்கொடுப்பவள். நேற்று வேலை முடிந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தேன். புருட்டில் பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல். விழுங்கியதும் வாய் கழுவிவிட்டதுபோல் ஆகிறது. எக்ஸ்ட்ரா ட்ரையில் பேரிக்காய் மணம், நுனிநாக்கில் கொஞ்சம் இனிப்பு தங்குகிறது. பொரித்த கணவாயோடு புருட்தான், எண்ணெய்ப் பிசுக்கே தெரியவில்லை. ஆனால் ரொட்டியில் 'ந்துயா' தடவி (கலாப்ரியாவின் மிளகாய்ப் பன்றி இறைச்சி விழுது, நல்ல காரம்) அதே புருட்டைக் குடித்தால் காரம் காது வரை ஏறியது. எக்ஸ்ட்ரா ட்ரை அதைத் தணித்தது. பரிமாறுபவருக்குத் தெரிய வேண்டியது இதுதான், அப்புறம்தான் வேர்ச்சொல். 'இனிப்பு அடங்கிய' என்று வைக்கலாமே?

---

தங்கச்சி, 'சர்க்கரை அடங்கிய பானம்' என்றால் சர்க்கரை உள்ள பானம். பொருள் தலைகீழாகிவிடும்.

---

ஐயா சொல்வது சரி, அடங்கிய வேண்டாம். 'இனிப்பற்ற' என்றும் எழுத முடியாது, 10 கிராம் சர்க்கரை இருந்தாலும் அது புருட்தானே. எனக்கு 'இனிப்பு வற்றிய' என்று தோன்றுகிறது. குளத்து நீர் வற்றுவதுபோல, நொதிக்க நொதிக்க ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வற்ற வைக்கிறது. ட்ரை என்பதன் சாயலும் அதில் வந்துவிடுகிறது. இதுவரை நான்கு பேர் சரி என்றிருக்கிறார்கள். விளக்கத்தில் இந்தச் சொல்லை வைக்கிறேன். போத்தல் வகைப் பெயர்கள் மட்டும் புருட், எக்ஸ்ட்ரா ட்ரை, ட்ரை என்றே இருக்கட்டும், பக்கத்தில் கிராம் கணக்கு. அலமாரியில் எழுதியிருப்பதை வைத்துத்தானே எடுக்க வேண்டும்.

---

வற்றிய என்றால் எனக்கு மிளகாய் வற்றல்தான் நினைவுக்கு வருகிறது. 32 கிராம் உள்ள 'ட்ரை'யை எந்தக் கணக்கில் வற்றியது என்பாய்? கெடு இருப்பதால் விடுகிறேன், உடன்பாடு இல்லை. தலைப்பிலாவது 'நுரைத்தேறல்' போடு தம்பி.