காப்புச்சாய்வு: ஒரு முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

பழுதானாலும் ஆபத்து விளைவிக்காத ஏற்பாட்டை ஆங்கிலத்தில் ‘பெயில்-சேஃப்’ (fail-safe) என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக நம்மிடையே இதுவரை வந்த மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ‘தோல்விப் பாதுகாப்பு’, சோதினையில் கோட்டைவிட்ட பிள்ளைக்குக் காப்புறுதி எடுத்தது மாதிரி இருக்கிறது. ‘தவறாக் காப்பு’ பழுதே வராதென்று சத்தியம் பண்ணுகிறது. அப்படியொரு கருவி இன்னும் பிறக்கவில்லை. ஆரையம்பதி அண்ணன் தந்த ‘பழுதுக்காப்பு’ அழகான சொல்தான். ஆனால் வான் வண்டிக்கு அடியில் கிடக்கிற ஸ்பெயார் டயரும் பழுதுக்காப்புத்தானே அண்ணே? இங்கே கருத்து வேறு. பழுதாவது பழுதாகட்டும், ஆனால் ஆபத்தில்லாத பக்கமாக விழட்டும்.

வெற்றிடப் பிரேக் உள்ள கோச்சியை (ரெயிலை) எடுங்கள். பெட்டிக்குப் பெட்டி ஓடும் குழாய்க்குள் வெற்றிடம் இருக்கும்வரை பிரேக் கட்டை சில்லைத் தொடாது. தடம்புரண்டு பெட்டிகள் கழன்றால் குழாய் அறும், காற்று உள்ளே பாயும், சாரதி கைவைக்காமலே எல்லாப் பெட்டியிலும் பிரேக் விழும். முந்திய காலத்துப் பிரேக் ஒன்று இதற்கு நேர்மாறு. வெற்றிடத்தை உண்டாக்கினால்தான் பிடிக்கும். 1889இல் அயர்லாந்தின் ஆர்மாவில், ஏற்றத்தில் ஏறமாட்டாமல் நின்ற ரெயிலை இரண்டாகப் பிரித்தார்கள். கழற்றிய பின்பெட்டிகளில் குழாய்ப் பிரேக் செத்துப்போனது. கார்டின் கைப்பிரேக் தாங்கவில்லை. பெட்டிகள் பின்னோக்கி ஓடி, அடுத்து வந்த ரெயிலில் மோதின. 80 பேர் இறந்தார்கள். பயணிகள் ரெயிலுக்குத் தானியங்கிப் பிரேக்கைக் கட்டாயமாக்கிய பிரித்தானியச் சட்டம் அதே ஆண்டில் வந்தது. பாதையோரக் கைகாட்டியும் (சிக்னல்) இப்படித்தான்: கம்பி அறுந்தால் எடைக்கல் கையை ‘நில்’ நிலைக்கே கொண்டுபோய்விடும்.

ஆகவே, பழுதானால் காப்பின் பக்கம் சாய்வதைக் ‘காப்புச்சாய்வு’ என்கிறேன். ‘காப்புச்சாய்வுள்ள பிரேக்’ என்று வாயில் சுளுவாக வருகிறது. எதிர்ச்சொல்லும் கூடவே கிடைக்கிறது: ஆர்மாவின் பிரேக் ‘ஆபத்துச்சாய்வு’. மற்ற மூன்றுக்கும் இந்த எதிர்ச்சொல் கிடைக்கவில்லை.

எதிர்ச்சொல் எதற்கு என்று கேட்பீர்கள். 2025 பெப்ரவரி 20 விடியப்புறம் இலங்கையின் ஹபரணைப் பக்கம் பயணிகள் ரெயில் யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டது. 6 யானைகள் செத்தன; பயணிகளுக்குக் காயமில்லை. அதற்கு முந்திய ஒக்டோபரில் மின்னேரியாவில் எரிபொருள் ரெயில் மோதி 2 யானைகள். மட்டக்களப்புப் பக்கத்தில் நமக்கு இருப்பது ஒற்றைத் தண்டவாளம். அந்தப் பக்கம் அடைபட்டால் வாழைச்சேனை, ஏறாவூரில் நிற்பவர்களும் கொழும்புக் கோச்சியை மறக்கவேண்டியதுதான். மறக்கச்சொல்லி யாராவது சொல்லவேண்டுமே! பாதை அடைபட்ட ஒரு காலை, ஒரு ஸ்டேசனில் ஒலிபெருக்கி மூச்சுவிடவில்லை. பலகையில் முதல்நாள் சோக்கால் எழுதிய நேரம் அழிக்காமல் கிடந்தது. மடியில் சீலைப் பையோடு இருந்த கிழவி ஒருவர் வருவோர் போவோரையெல்லாம் “கோச்சி வருமா மனே?” என்று கேட்டார். பலகையைப் பார்த்துவிட்டு, வரும் என்றே எல்லோரும் சொன்னார்கள்.

இது அசல் ஆபத்துச்சாய்வு. செய்தி அறுந்ததும் ‘எல்லாம் ஒழுங்கு’ என்ற பக்கம் விழுகிற ஏற்பாடு. இரவில் விளக்கணைந்த கைகாட்டியைச் சாரதி சிவப்பென்றே கொள்ளவேண்டும். பயணிக்கும் அந்த விதி வேண்டாமா? குறித்த நேரத்துக்குள் புதுப்பிக்காத அறிவிப்பு தானாக அழிந்து, ‘தகவல் இல்லை, விசாரிக்கவும்’ என்று மாறினால் அதைக் காப்புச்சாய்வுள்ள அறிவிப்பு என்பேன். இயந்திரத்துக்கும் அறிவிப்புக்கும் ஒரே சொல் பொருந்துவதால்தான் இதற்கு இவ்வளவு வாதாடுகிறேன்.

‘காப்பு’ என்றதும் கையில் போடும் வளையல்தான் ஞாபகம் வருகிறது என்று காத்தான்குடி நண்பர் சிரிப்பது தெரிகிறது. காப்புறுதி வளையல் போடாமலே வாழ்கிறது, இதுவும் வாழும். எனக்குள்ள ஐயம் ‘சாய்வு’ பற்றியது. பாதையின் ஏற்ற இறக்கத்துக்கு நம் பாடநூல்களில் ‘படித்திறன்’ இருப்பதால் இங்கே மோதல் இல்லை. தமிழ்நாட்டில் அதற்கே ‘சாய்வு’ என்பார்கள். ‘காப்புச்சாய்வு’ என்றால் தண்டவாளத்தின் சரிவு என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்களா? அங்குள்ள பொறியியலாளர் யாராவது சொல்லுங்கள்.