ரப்பர், தென்னை, தையல் ஆர்டர், வீட்டுக் கணக்கு: எல்லாத்துக்கும் ஒரே டைரி சரிப்படுமா?

தக்கலை தையல்:
மக்களே, ஒரு யோசனை வேணும். கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் தென்னை, கூடவே தையல் கடை. பிள்ளைகள் ஸ்கூல், கரண்டு பில், சீட்டுப் பணம் வேற. நாளுக்கு ஒரு பக்கம் உள்ள பெரிய டைரியில் பாதி காலியா கிடக்கு, வேணும்னு தேடுறது மட்டும் கிடைக்க மாட்டேங்குது. போன்ல குறிச்சா ரப்பர் பால் வெட்டுக்காரரும் கடையில நிக்கிற பிள்ளையும் பார்க்க முடியாது, அதனால பேப்பர்தான். எந்த அளவு டைரி, பக்கத்தை எப்படிப் பிரிக்க? மழைக்காலத்துல மை பரவி, பக்கம் ஒட்டிக்கிறதுக்கும் வழி இருந்தா சொல்லுங்க.

மலையோரம்:
தங்கச்சி, நாளுக்கு ஒரு பக்கம் உங்களுக்கு வேண்டாம். ஏ5 அளவில் (ஏ4 தாளில் பாதி), ஒரு வாரம் இரண்டு பக்கமா விரியுறதை எடுங்க. இடது பக்கத்தில் ஏழு நாள், வலது பக்கம் கோடு மட்டும். தேதி உள்ள வேலை இடது பக்கம் போகட்டும், தேதி இல்லாத வேலை வலது பக்கம். வாரக் கடைசியில் வலது பக்கத்தில் முடியாமல் நிற்கிறதை அடுத்த வாரத்துக்குக் கையால் எழுதி மாற்றணும். மூணு தடவை மாற்றியும் நடக்காத வேலை என்றால், ஒண்ணு அதுக்கு ஒரு தேதி போடணும், இல்லை அடிச்சு விடணும்.

திரும்பத் திரும்ப வரும் வேலையை வருஷம் முழுக்க முன்கூட்டியே எழுதி வைக்காதீங்க. தேங்காய் வெட்டு 45 நாளுக்கு ஒருமுறைன்னு ஜனவரியிலேயே எட்டுத் தேதி குறிச்சால், மரம் ஏறுபவர் ஒரு வாரம் பிந்தி வந்தாலே மிச்சம் ஏழும் பொய். வெட்டு முடிஞ்ச அன்னைக்கு டிக் போடும்போதே 45 நாள் முன்னால் புரட்டி அடுத்ததை எழுதணும். தண்ணீர்த் தொட்டி கழுவுறது, பைக் சர்வீஸ், புகைச் சான்று எல்லாம் இதே முறை. கரண்டு பில்லுக்கு, மீட்டர் கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம். 20வது நாளை விட்டு 15வது நாளில் எழுதுங்க.

ரப்பருக்கு மாசம் ஒரு பக்கம் தனியா. 31 வரி, ஐந்து கட்டம்: வெட்டு, மழை, ஷீட்டு எண்ணம், ஒட்டுப்பால் (பட்டையிலும் சிரட்டையிலும் ஒட்டி உறைஞ்ச பால்) கிலோ, கூலி. ஒன்றுவிட்ட நாள் வெட்டுன்னு தேதியை முன்னாலேயே வட்டமிட்டு வைக்கிறதுதான் எல்லாரும் பண்ணுற தப்பு. ஒரு நாள் மழையில் போனால் வரிசையே தள்ளும். பழைய வட்டத்தைப் பார்த்து அடுத்தடுத்த நாள் கத்தி வைச்சால் மரத்துக்குக் கேடு. அப்படியே பழகினால் பட்டை வறண்டு பால் நின்னு போகும். வெட்டின பிறகு மட்டும் கோடு போடணும், மழை நாளுக்கு "ம". மாசக் கடைசியில் கோடும் கூலியும் ஒத்துப்போகுதான்னு வெட்டுக்காரரை உட்கார வைச்சே பார்த்திரலாம். இலை உதிர்ந்து மரத்துக்கு ஓய்வு விடும் நாட்களிலும் பக்கத்தை விட்டுவிடாதீங்க, கத்தி, பால் பிடிக்கிற சிரட்டை, ரெயின் கார்டு (மழையில் வெட்டுப்பட்டை நனையாமல் காக்கும் மறைப்பு) சாமான் வாங்கின கணக்கு அங்கே வரட்டும்.

அடுத்து, டைரியில் வருஷப் பக்கம்.
நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்குன்னு சில தேதிகள் கடையில் விற்கிற டைரியில் வராது. நவம்பர் 1 (மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள்), டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தேர், மாசியில் மண்டைக்காடு கொடை, பிறகு ஓணம். இதெல்லாம் உள்ளூர் விடுமுறை, வங்கி விடுமுறை இல்லை. அதனால் கட்டத்தில் "லீவு"ன்னு மொட்டையா எழுதாமல் "ஸ்கூல் இல்லை, பேங்க் உண்டு"ன்னு எழுதுங்க. அதுக்கு ஈடா எந்தச் சனிக்கிழமை வேலை நாள்னு கலெக்டர் அறிவிப்பில் வரும். அதையும் அப்பவே குறிக்கணும். பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்ப மறக்கிறது அந்தச் சனிக்கிழமையில்தான்.

நட்சத்திரம், கிழமை பார்த்து வரும் திருவிழாவுக்குப் பென்சில். பேனாவில் போன வருஷத் தேதியைக் காப்பி அடிச்சால் தப்பும். வீட்டு விசேஷத்தைக் கொல்லம் ஆண்டுக் கணக்கில் (மலையாள வருஷம்) வைக்கிறவங்க அதோட முதல் மாசமான சிங்கம் 1ல், அதாவது ஆகஸ்ட் நடுவில், ஒரு கலர் ஒட்டி வைச்சால் புரட்ட லேசு.

கடல் பக்கம் வியாபாரத் தொடர்பு இருந்தால் மீன்பிடித் தடைக்காலத்தை இரண்டாப் பிரிச்சு எழுதுங்க. கிழக்குக் கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, மேற்குக் கரைக் கணக்கில் வரும் குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31. இரண்டுமே 61 நாள், இரண்டும் ஒரே மாவட்டம்.

பைண்டிங் மேஜை:
மை, பேப்பர் சங்கதி. இலவச டைரியில் பேப்பர் பெரும்பாலும் மெலிசு. 70 ஜிஎஸ்எம்மில் (தாளின் கனத்துக்கான அளவு) பால் பாயின்ட் தாங்கும். மைப்பேனா, ஜெல் என்றால் 90, 100 வேணும். நமக்கு ஜூன்லயும் மழை, ஐப்பசியிலும் மழை. ஈரக்காற்றில் ஜெல் மை காய நேரமாகும், உடனே மூடினால் எதிர்ப்பக்கத்தில் பதியும். கடைப் பிள்ளையும் வெட்டுக்காரரும் கை வைக்கிற புத்தகத்துக்குச் சாதாரணப் பால் பாயின்ட்தான் நல்லது, அதில் எண்ணெய் மை, தண்ணி பட்டாலும் ஓடாது. அழிக்கிற ஜெல் பேனா வேண்டவே வேண்டாம். 60 டிகிரி சூட்டில் அந்த எழுத்து மறைஞ்சு போகும். வெயிலில் நிறுத்தின கார் டாஷ்போர்டு போதும் அதுக்கு.

பின், கிளிப், ஸ்டேபிள் எதுவும் உள்ளே கூடாது. உப்புக்காற்றில் துரு ஏறி மூணு நாலு பக்கத்துக்குக் கறை இறங்கும். மைதாப் பசையும் வேண்டாம், இராமபாணப் பூச்சிக்கு அது சாப்பாடு. ஃபெவிகால் ஒரு பொட்டு போதும். கடை பில்லை ஒட்டி வைச்சு நம்பாதீங்க, சூட்டில் அச்சாகும் பில் கொஞ்ச நாளில் வெளுக்கும். தொகையையும் தேதியையும் பக்கத்திலேயே எழுதிடணும்.

நனைஞ்சுட்டால் வெயிலில் காய வைக்காதீங்க, அலை அலையா நெளிஞ்சுடும். பத்துப் பத்துத் தாளுக்கு இடையில் பழைய செய்தித்தாளைச் செருகி ஃபேனுக்குக் கீழே வைக்கணும். ஈரம் இழுத்த தாளை அப்பப்போ மாற்றி, முக்கால் காய்ந்ததும் மேலே பாரம் ஏற்றணும்.

ஊசிநூல்:
மலையோரம் அண்ணன் சொன்னதில் எனக்கு ஒரு சேர்க்கை உண்டு. தையல் ஆர்டர் அந்த டைரியில் வரக்கூடாது. கடையில் கிடக்கிற புத்தகத்தை எல்லாரும் புரட்டுவாங்க, வீட்டுச் சீட்டுக் கணக்கை அவங்க எதுக்குப் பார்க்கணும்? தையலுக்கு வேற டைரி, நாளுக்கு ஒரு பக்கம் உள்ளதே. உங்க பழைய பெரிய டைரிக்கு இதுதான் இடம்.

ஒவ்வொரு பக்கத்திலும் உங்க கை வேகத்துக்கு ஏற்ப ஆறு கட்டம் போடுங்க. ஒரு பிளவுஸ் ஒரு கட்டம், லைனிங் வைச்சது இரண்டு, சுடிதார் இரண்டு. ஆறும் நிரம்பினால் அடுத்த வாடிக்கையாளருக்கு அடுத்த நாள்தான். "எப்படியாச்சும் தந்திருங்கக்கா"ன்னு கேட்கிறவங்க முன்னால பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் வாக்குவாதம் குறையும். வாங்கிப்போகும் தேதிக்கு மூணு நாள் முன்னால் எழுதுங்க. ஹூக், எம்மிங், திருத்தம் எல்லாத்துக்கும் அந்த மூணு நாள். ஜூன் யூனிபார்முக்கும் டிசம்பருக்கும் ஒரு கட்டம் காலியா விடணும், அவசரம் அதில் ஏறும். அளவை இதில் எழுத வேண்டாம், அளவு நோட்டுப் பக்க எண் போதும். துணித்துண்டு ஒட்டுறதானால் ஒரு விரல் அகலம், அதையும் பக்கத்தின் வெளி ஓரத்தில். பைண்டிங் ஓரமா ஒட்டினால் மார்ச்சுக்குள் டைரி முதுகு வெடிச்சுடும்.

தக்கலை தையல்:
ரொம்ப உபகாரம். பழைய டைரி இரண்டு மூணு எழுதாமலே கிடக்கு, தூக்கிப் போடவா?

மலையோரம்:
போடாதீங்க. 2015 டைரியில் கிழமை 2026க்கு அப்படியே பொருந்தும், 2021ல் உள்ளது 2027க்குப் பொருந்தும். அச்சடிச்ச திருவிழாத் தேதியை மட்டும் நம்பக் கூடாது.

பைண்டிங் மேஜை:
புதுசா வேணும்னால் அச்சடிச்சே கட்டிக்கலாம். வாரத்துக்கு 104 பக்கம், மாசத்துக்கு 24, ரப்பருக்கு 12, வெறும் பக்கம் 20, ஆக 160. 100 ஜிஎஸ்எம் ஏ4 தாள் 40 வாங்கி, இரண்டு புறமும் அச்சடிச்சு நடுவில் வெட்டினால் சரியா வரும். துளை போடும் ஓரத்தில் 15 மில்லிமீட்டர் விடணும், இல்லேன்னா திங்கள்கிழமை துளைக்குள் போயிடும். சுருள் கம்பியில் வேண்டாம், பிளாஸ்டிக்கில் போடச் சொல்லுங்க. கம்பி துருப்பிடிக்கும், வளைஞ்சால் பக்கம் கிழிக்கும்.

தக்கலை தையல்:
அண்ணே, முழுசா மடங்கி நிக்குமா? தையல் மேஜையில் இடம் குறைவு.

பைண்டிங் மேஜை:
நிக்கும், முன்னட்டை பின்னால் போயிடும். பின்னட்டைக்குக் கெட்டி மில்போர்டு அட்டை வைக்கச் சொல்லுங்க, நின்னுகிட்டே எழுதலாம்.